மிட்டுவுக்கு வலிக்கிறது

மிட்டுவுக்கு வலியைக் கொடுத்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்லிக்கொண்டே போகும்போது யார் தலையிலாவது பழியைப் போட எனக்கு ஆசை வரும். அதற்கு இடம் கொடுக்கக் கூடாது.

மிட்டு ஒரு பொம்மை ரோபோ. தண்ணீர்க் குடம் உயரம் இருக்கும். வெள்ளை உடம்பு, பச்சை முகம், காலுக்குப் பதில் மூன்று சக்கரம். தில்லைநகரில் ஒரு மாடி போர்ஷனில் ஏழு பேர் சேர்ந்து அதைச் செய்கிறோம். முதலாளி ஜெபராஜ் சார். மற்றவர்கள் அதன் உடம்பைச் செய்தார்கள். அதற்கு உணர்ச்சி கொடுக்கும் வேலை என்னுடையது. தலையைத் தடவினால் சிரிக்கும். கட்டிப்பிடித்தால் 'ம்ம்ம்' என்று முனகும். கை தட்டினால் தட்டிய பக்கம் திரும்பும். நெஞ்சுக்குள் ஓர் அதிர்வு சென்சார் இருக்கிறது. அடித்தால், "ஆ! வலிக்குது! அடிக்காதே!" என்று கத்தும்.

அந்தக் கடைசி விஷயம் ஜெபராஜ் சாரின் விருப்பம். "இன்னிக்குப் பொம்மைய அடிக்கிற பிள்ளை நாளைக்கு மனுஷன அடிக்கும் லிசி. பொம்மைக்கும் வலிக்கும்னு சின்னதுலயே தெரியணும்" என்றார். எனக்கும் நல்ல யோசனையாகவே பட்டது. எவ்வளவு வேகமாகப் பட்டால் அது அடி என்று ஒரு வாரம் மிட்டுவை நானே அடித்து அடித்துப் பார்த்து ஓர் அளவு வைத்தேன். சாருக்குத் திருப்தி இல்லை. "சின்னப் பிள்ளை கையில என்ன பலம் இருக்கப்போகுது? இன்னும் குறைங்க" என்றார். குறைத்தேன். மேஜையில் டீ டம்ளரை 'டொக்' என்று வைத்தால்கூடப் பக்கத்தில் நிற்கும் மிட்டு வலிக்குது என்று அலறியது. நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். சிரித்துவிட்டு அப்படியே விட்டுவிட்டோம்.

ஸ்ரீரங்கத்தில் மேலூர் ரோட்டுப் பக்கம் ஒரு நர்சரி பள்ளிக்கூடம். அங்கேதான் முதல் மிட்டு போயிற்று. எல்.கே.ஜி.யில் இருபத்துநாலு குழந்தைகள். வாரத்துக்கு இரண்டு தடவை, ஒவ்வொரு குழந்தைக்கும் பத்து நிமிஷம் மிட்டுவோடு தனியாக விளையாட முறை உண்டு. கழுத்தில் தொங்கும் அட்டையை மிட்டுவின் முதுகில் வைத்தால், வந்திருப்பது யார் என்று அது தெரிந்துகொள்ளும். எத்தனை தடவல், எத்தனை அணைப்பு, எத்தனை அடி என்று எண்ணி, மாதக் கடைசியில் ஒரு ரிப்போர்ட் கொடுக்கும். அந்த வகுப்பு பழைய கட்டடத்தில் இருந்தது. தரை மேடும் பள்ளமுமாக இருந்ததால் சக்கரம் சிக்கிக்கொண்டது. அதனால் மூலையில் ஒரு பிளைவுட் பலகையைப் போடச் சொல்லி, அதன் மேல் மிட்டுவை விட்டேன். பலகை போடச் சொன்னதும் நான்தான்.

பெற்றோர் கூட்டத்தில் மைக்கைப் பிடித்துப் பேசியதும் நானே. "மனுஷங்க சொல்றதுல கூடக்குறைய இருக்கும். சென்சார் நடந்தத நடந்தபடி சொல்லும்" என்றேன். கைதட்டல் பிரமாதமாக இருந்தது. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் கெட்டது நான் இல்லை, ஒரு நாலு வயதுக் குழந்தை.

ஆகஸ்ட் மாத ரிப்போர்ட் போன மறுநாளே தலைமை ஆசிரியை ரங்கநாயகி மேடம் போன் செய்தார். "லிசி, கொஞ்சம் நேர்ல வாங்கோ. ஒரு பிரச்சனை."

ரிப்போர்ட்டில் அந்தந்தக் குழந்தையின் கணக்கோடு மொத்த வகுப்புக்கும் ஒரு வரைபடம் இருக்கும். அதில் பேர் இருக்காது, குழந்தைக்கு ஒரு கோடு. அடிக் கணக்கில் இருபத்துமூன்று கோடுகள் புல் மாதிரி கீழே கிடந்தன. ஒன்று மட்டும் பனைமரமாக நின்றது. நூற்று நாற்பத்தேழு அடி. பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் அன்று சாயங்காலமே விசாரணை நடந்திருக்கிறது. என் பிள்ளை இல்லை, என் பிள்ளை இல்லை என்று ஒவ்வொருவராக ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்துப் போட்டார்கள். கடைசியில் ரிப்போர்ட் போடாத ஒரே வீடு மிஞ்சியது. அது யாழினியின் வீடு.

நான் போனபோது மேடத்தின் அறையில் யாழினியின் அப்பாவும் அம்மாவும் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா பெரியண்ணன், மண்ணச்சநல்லூரில் ஒரு ரைஸ் மில்லில் சூப்பர்வைசர். மில்லிலிருந்து நேராக வந்திருந்தார். காது மடலில் தவிட்டுத் தூசி ஒட்டியிருந்தது. அம்மா வளர்மதியின் மடியில் ஒரு வயதுப் பையன். யாழினி அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரட்டைக் குடுமி, ஒன்று அவிழ்ந்திருந்தது.

"வீட்ல குழந்தைய அடிப்பேளா?" என்று மேடம் மெதுவாகத்தான் கேட்டார். அவர் கெட்டவர் இல்லை.

"அய்யோ, இல்லைங்க மேடம். வீட்டுல ஒருத்தரும் கை நீட்டறது இல்லைங்க" என்றார் பெரியண்ணன்.

"குழந்தைங்க வீட்டுல பாக்கறதத்தான் இங்க வந்து செய்யும்."

அந்த வாக்கியம் எங்கள் விளம்பரத் தாளில் நான் எழுதியது. பெரியண்ணன் மனைவியைப் பார்த்தார். அவள் அவரைப் பார்த்தாள். இரண்டு பேரும் தங்கள் வீட்டில் இல்லாத ஒரு குற்றத்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அங்கே உட்காரவே கூசியது.

"ஆறு பேர் எழுதிக் கொடுத்துட்டா. பக்கத்துல உக்கார வைக்காதீங்கோன்னு. நான் என்ன பண்ணட்டும்? காலாண்டு லீவு வரைக்கும் பாப்போம். குறையலேன்னா நீங்க வேற ஸ்கூல் பாத்துக்கறது நல்லது" என்றார் மேடம்.

வளர்மதி திரும்பி மகளின் முகவாயைப் பிடித்தாள். "இனிமே மிட்டுவ அடிப்பியா? பாவம்ல? அதுக்கு வலிக்கும்ல?"

"வலிக்குது. நிக்கவே மாட்டேங்குதும்மா" என்றாள் யாழினி.

வளர்மதிக்கு அது திமிராகக் கேட்டதோ என்னவோ, எங்கள் எதிரிலேயே பெண்ணின் வாயைப் பொத்தினாள். நானும் அதைச் சின்னப் பிள்ளையின் உளறல் என்றுதான் நினைத்தேன். படித்த படிப்பு அவ்வளவுதான்.

ஆபீசுக்கு வந்து யாழினியின் பதிவுகளைத் திறந்து நிமிஷம் நிமிஷமாகப் பார்த்தேன். ஒரு விஷயம் இடித்தது. அடி விழுந்த அதே நேரத்தில் தலையில் தடவலும் பதிவாகியிருந்தது. ஒன்று இரண்டு இல்லை, நூற்றுச் சொச்சம். ஒரு கையால் தடவிக்கொண்டே இன்னொரு கையால் அடிக்கும் குழந்தை உலகத்தில் எங்கே இருக்கிறது? சென்சார் கெட்டுப்போச்சோ என்று சந்தேகப்பட்டேன். அடுத்த முறை யாழினி விளையாடும் நாளன்று ஸ்ரீரங்கத்துக்கு பஸ் ஏறினேன்.

வகுப்பு ஆசிரியை ரிஃபானா என்னை ஜன்னலுக்கு வெளியே நிற்க வைத்தாள். என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவள், குழந்தைகளிடம் உயிராக இருப்பவள். "அவ ரொம்ப நல்ல புள்ளைங்க. எனக்கே ஒண்ணும் புரியல" என்றாள்.

யாழினி அட்டையை வைத்தாள். மிட்டு கண்ணைத் திறந்து வணக்கம் சொன்னது. அவள் அதன் தலையைத் தடவினாள், அது சிரித்தது. உருண்டு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பும்போது சுவரில் இடித்துக்கொண்டது. அவள் கை அதன் பக்கத்தில்கூட இல்லை.

"ஆ! வலிக்குது! அடிக்காதே!"

யாழினி ஓடினாள். இடது கையால் மிட்டுவின் தலையைத் தடவினாள். வலது கையை ஓங்கி, மிட்டு நின்ற பலகையைப் 'பட் பட்' என்று அடித்தாள். "எங்க மிட்டுவ அடிச்சியா? அடிப்பியா? இந்தா, வாங்கிக்க!"

எனக்குச் சட்டென்று எல்லாம் விளங்கிவிட்டது. விழுந்த குழந்தையைச் சமாதானப்படுத்த நாம் தரையை அடிப்போமே, அதுதான். இடித்தது சுவரானால் சுவருக்கு அடி, கட்டிலானால் கட்டிலுக்கு அடி. காட்டூரில் என் அம்மா எங்கள் வீட்டு நிலைப்படியை அடித்த அடிக்கு அது போலீசில் புகார் கொடுத்திருக்கலாம். இந்தக் குழந்தை வீட்டில் பார்த்ததைத்தான் இங்கே செய்தாள். அந்த மட்டில் என் விளம்பரத் தாள் பொய் சொல்லவில்லை.

ஆனால் பலகை அதிர்ந்தது. டீ டம்ளருக்கே அலறும் மிட்டுவுக்கு அது பெரிய அடி. "ஆ! வலிக்குது! அடிக்காதே!" என்றது. யாழினி பதறினாள். "இன்னும் வலிக்குதா? இரு, இரு" என்று பலகையை இன்னும் பலமாக அடித்தாள். மிட்டு இன்னும் கத்தியது. அவள் இரண்டு கையாலும் அடித்தாள். மூக்கு ஒழுகியது, கண்ணில் தண்ணீர் வழிந்தது, உள்ளங்கை சிவந்துவிட்டது. பத்து நிமிஷம் முடிந்து மிட்டு கண்ணை மூடும் வரை அவள் விடவில்லை. மூடிய பிறகு அதைக் கட்டிக்கொண்டு, "நிக்கவே மாட்டேங்குது, நிக்கவே மாட்டேங்குது" என்று தேம்பினாள்.

அந்த நூற்று நாற்பத்தேழும் ஒரு நண்பனுக்காக அவள் போட்ட சண்டை. எனக்கு அழுகையும் வந்தது, பெரிய நிம்மதியும் வந்தது. உண்மை தெரிந்துவிட்டது, இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அங்கேயே ரிஃபானாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். "இவ மிட்டுவ அடிக்கவே இல்லீங்க. தரைய அடிச்சிருக்கா. இவ தரைய அடிக்கிறதாலதான் அதுக்கு வலிக்குது!" ரிஃபானா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அல்லாவே, இதானா விஷயம்?" என்றாள்.

அன்றைக்கே மிட்டுவின் சென்சார் அளவை யாரையும் கேட்காமல் நான் முதலில் வைத்த அளவுக்கு மாற்றி, அந்த மாதம் அதுவரை எண்ணியிருந்த கணக்கையும் அழித்தேன். பிறகு ரங்கநாயகி மேடத்திடம் போனேன். அவர் முழுவதையும் கேட்டார், சிரிக்கவும் சிரித்தார்.

"எனக்குப் புரியறது லிசி. நானும் பேரனுக்காகத் தரைய அடிச்சவதான். ஆனா அந்த ஆறு பேருக்கு என்ன சொல்றது? சென்சார் நடந்தத நடந்தபடி சொல்லும்னு நீங்கதானே மைக்ல சொன்னேள்? இப்போ நீங்களே வந்து இல்லேங்கறேள். கம்பெனி லெட்டர்ல மெஷின் தப்புன்னு எழுதிக் கொடுங்கோ. நான் படிச்சுக் காட்டறேன்."

நியாயமான பேச்சு. தில்லைநகருக்குத் திரும்பி ஜெபராஜ் சாரிடம் கேட்டேன். அவர் நாற்காலியைச் சுற்றிச் சுற்றி நடந்தார்.

"கே.கே. நகர்ல ரெண்டு ஸ்கூல் இப்பதான் கேட்டிருக்காங்க. மெஷின் தப்புன்னு லெட்டர்ஹெட்ல எழுதினா அது வாட்ஸ்அப்ல வராதா? ஏழு பேரும் வீட்டுக்குப் போயிடலாமா?"

"சார், அந்தப் பிள்ளைய ஸ்கூல விட்டு அனுப்பப் போறாங்க."

"அதான் அளவ மாத்திட்டீங்கல்ல, யாரக் கேட்டு மாத்துனீங்கன்னு நான் கேக்கல. அடுத்த மாசம் அடி குறையும். குறைஞ்சா யாரும் அனுப்ப மாட்டாங்க. சத்தம் போடாம விடுங்க லிசி."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த மேஜையில் இருந்த மிட்டுவைத் தூக்கித் தெருவில் எறிந்திருப்பேன். எறியவில்லை. வெள்ளைத் தாளில் என் பேரைப் போட்டு, நடந்ததை ஒரு பக்கத்துக்கு எழுதி, மேடத்திடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அதைப் பெற்றோர் குழுவில் போட்டார். 'மெஷினை விற்றவர்களே இப்போது சப்பைக்கட்டுக் கட்டுகிறார்கள்' என்று ஒருவர் எழுதினார். அதற்குப் பதினொரு கட்டைவிரல் விழுந்தது. அதோடு என் வீரம் முடிந்தது.

செப்டம்பர் ரிப்போர்ட் வந்தது. யாழினியின் பேருக்கு எதிரே அடி என்ற கட்டத்தில் சைபர். ரங்கநாயகி மேடம் போனில் குதூகலமாகப் பேசினார். "பாத்தேளா! ஒண்ணுகூட இல்ல. எல்லா பேரண்ட்சும் சமாதானம் ஆயிட்டா. குழந்தை இங்கேயே படிக்கட்டும்னு சொல்லிட்டேன்." ஜெபராஜ் சார் எனக்கு மட்டும் கேட்கும்படி, "நான் சொன்னேன்ல?" என்றார்.

எனக்கும் சந்தோஷம்தான். அந்தச் சந்தோஷத்தோடு யாழினியின் பதிவுகளைத் திறந்தேன். தடவல் சைபர். அணைப்பு சைபர். கைதட்டல் சைபர். அட்டை வைத்த பதிவு மட்டும் ஒவ்வொரு முறையும் ஒழுங்காக இருந்தது. இரண்டு நிமிஷம் யாரும் தொடாவிட்டால் மிட்டு தானாக, "என்னோட விளையாட வரியா?" என்று கேட்கும். ஒவ்வொரு முறையும் நாலு தடவை கேட்டிருந்தது. அவள் பத்து நிமிஷமும் எதிரே சும்மா உட்கார்ந்துவிட்டுப் போயிருக்கிறாள்.

ரிஃபானாவுக்குப் போன் போட்டேன்.

"ஆமாங்க, கிட்டவே போக மாட்டேங்கிறா. நீங்க அன்னிக்குச் சொன்னத நான் அவகிட்ட எடுத்துச் சொன்னேன். நல்லபடியாத்தான் சொன்னேன். செல்லம், நீ தரைய அடிக்கிறதாலதான் மிட்டுவுக்கு வலிக்குது, அடிக்காம இருந்தா அதுக்குச் சரியாயிடும்னு. அன்னியிலேர்ந்து இப்படித்தான். தப்பாச் சொல்லிட்டேனாங்க?"

தப்பு என்று எப்படிச் சொல்வது? என் வார்த்தையைத்தான் அப்படியே சொல்லியிருக்கிறாள். அவ்வளவு நாளும் தான் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்த குழந்தையிடம், வலி உன்னால்தான் வந்தது என்று சொல்லியாகிவிட்டது. அதைச் சொல்லும் யோசனை எனக்கு வந்ததில்லை. ஆனால் சொல்ல வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை.

காலாண்டு லீவில் ஒரு நாள் மண்ணச்சநல்லூர் போனேன். மில்லுக்குப் பின்னால் இரண்டாவது தெரு. வளர்மதி என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்து, "வாங்க மேடம், வாங்க" என்று பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். யாழினி சுவரோரம் உட்கார்ந்து, படம் எதுவும் இல்லாத ஒரு நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். குட்டித் தம்பி நாற்காலியைப் பிடித்துப் பிடித்து நடை பழகிக்கொண்டிருந்தான்.

"உங்க மெஷினுக்கு ஒரு கும்புடு போடணும் மேடம். எங்களுக்கே தெரியாம புள்ள அந்தப் பழக்கத்துல இருந்திருக்கு. இப்ப கை நீட்டறதே இல்ல. அவ்வளவு அமைதி" என்றாள் வளர்மதி.

"இல்லைங்க வளர்மதி. அவ அடிக்கவே இல்லைங்க. தப்பு எங்க மேல" என்று ஆரம்பித்து, பலகை, சென்சார், அளவு என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். பெரிய மனிதர்கள் பெருந்தன்மைக்காகப் பழியைத் தங்கள் மேல் போட்டுக்கொண்டு பேசும்போது மற்றவர்கள் கேட்பார்களே, அந்த மாதிரி.

"பரவால்லீங்க மேடம், முடிஞ்சு போச்சுல்ல? இதப் போய் மறுபடி ஸ்கூல்ல கிளறிடாதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும். காபி போடறேன், இருங்க" என்று உள்ளே போனாள்.

நான் யாழினியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். பொம்மைக்கு உணர்ச்சி வைக்கத் தெரிந்தவளுக்கு ஒரு நாலு வயதுப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்கும் வழி தெரியவில்லை. "மிட்டுவுக்கு இப்ப வலிக்கல பாப்பா. நான் சரி பண்ணிட்டேன்" என்றேன்.

"நான் தொடல. அதான்" என்றாள்.

அந்த நேரம் பார்த்துத் தம்பி நாற்காலியை விட்டுவிட்டு இரண்டு அடி எடுத்து வைத்தான். மூன்றாவது அடியில் தொப்பென்று விழுந்தான். நெற்றி தரையில் பட்டது. ஒரு கணம் மூச்சை இழுத்துப் பிடித்துவிட்டு வீறிட்டு அழுதான். அழுதுகொண்டே அக்காவைப் பார்த்தான்.

யாழினி துள்ளி எழுந்து அவனிடம் ஓடினாள். குனிந்தாள். கை மேலே போயிற்று. போன கையை அப்படியே இழுத்து, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு நின்றாள். தம்பி அவளைப் பார்த்துப் பார்த்து அழுதான். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நகராமல் நின்றாள்.

எனக்குத் தாங்கவில்லை. தவழ்ந்துபோய்த் தம்பியை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, அவள் பார்க்கட்டும் என்று, இன்னொரு கையால் தரையை ஓங்கி அடித்தேன். "எங்க தம்பிய அடிச்சியா? அடிச்சியா?" சிமெண்டுத் தரை, கை எரிந்தது. இன்னும் பலமாக அடித்தேன். முன்பின் தெரியாத ஒரு பெண் பிடித்துக்கொண்டு இப்படிச் சத்தம் போட்டால் ஒரு வயதுக் குழந்தை என்ன செய்யும்? அவன் பயந்துபோய் முன்னைவிட இரண்டு மடங்காக அலறினான்.

யாழினி அலறும் தம்பியையும் என் கையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, கையைப் பின்னாலிருந்து எடுக்காமலே, என்னிடம் கெஞ்சினாள்.

"அடிக்காதீங்க மிஸ். பாருங்க, நீங்க அடிக்கிறதாலதான் தம்பிக்கு வலிக்குது."